முன்கதை யார் கையில்: ஆட்டக்காரரா, நடத்துநரா?

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டைப் பாம்பனில் புதிதாகத் தொடங்கும் நண்பர்கள், பாத்திரத்தின் முன்கதையை, அதாவது ஆட்டம் தொடங்குமுன் அது வாழ்ந்த வாழ்க்கையை, அந்தப் பாத்திரமாக ஆடும் ஆட்டக்காரர் எழுதுவதா, கதையை நடத்திச் செல்லும் நடத்துநர் எழுதித் தருவதா என்று தயங்குகிறார்கள். எங்கள் கதைக்களமான, 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியை வைத்தே ஒப்பிடுகிறேன்.

உழைப்பு: ஆட்டக்காரர்கள் எழுதினால் சுமை பகிரப்படுகிறது.
நடத்துநர் எழுதினால் எல்லா வாழ்க்கைகளும் ஒருவர் தலையில் விழுகின்றன.

பொருத்தம்: நடத்துநர் எழுதும்போது ரயில் நிலையமும் சுங்க அலுவலகமும் தலைமன்னார்க் கப்பலும் பாத்திரங்களின் வாழ்வோடு முன்பே பின்னப்பட்டிருக்கும்.
ஆட்டக்காரர் எழுதியதை அப்படிப் பின்னுவதற்குத் தனி அமர்வு ஒன்று வேண்டும்.

பற்று: இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். சங்கு குளிக்கப்போன தந்தையைக் கடலில் இழந்த மகனாக ஒரு நண்பர் தம் பாத்திரத்தை எழுதியிருந்தார். அவரைக் கேட்காமலேயே, தந்தை உயிருடன் இருப்பதாகவும் கடத்தலில் ஈடுபடுவதாகவும் நடத்துநரான நான் ஆட்டத்தின் நடுவே அறிவித்தபோது, அவருக்கு அந்தப் பாத்திரமே அந்நியமாகிவிட்டது. அது என் தவறு. நடத்துநர் தந்த முன்கதையில் இந்தக் காயம் நேர்வதில்லை, ஆனால் அத்தகைய பற்றும் எளிதில் வளர்வதில்லை.



ஒரே மாலையில் முடியும் ஆட்டத்துக்கும் முதல்முறை ஆடுவோருக்கும் நடத்துநர் எழுதியதே ஏற்றது. மாதக்கணக்கில் தொடரும் ஆட்டத்துக்கு ஆட்டக்காரரே எழுதட்டும். நடத்துநர் நிரப்புவதற்கென இரண்டு கேள்விகளை மட்டும் விடையின்றி விட்டு, மற்றவற்றை மாற்றத் தம் ஒப்புதல் வேண்டும் என்று முன்கூட்டியே ஆட்டக்காரர் சொல்லிவிடட்டும்.