ஆறு வருட ரூட்டரும் யாரும் திறக்காத லைசென்ஸ் பக்கமும்

போன வாரம் என் ரூட்டரின் அடாப்டர் புகைந்து போனது. அதே 12 வோல்ட்டில் வேறொன்றைத் தேடி மாட்டியதும் ரூட்டர் எதுவும் நடக்காதது போல எழுந்துவிட்டது. இதை நண்பனிடம் சொன்னது தப்பாகிவிட்டது. "அதே மாடல் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருதுடா, வாங்கட்டுமா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை.

ரேஞ்ச், வேகம், ஆன்டெனா கணக்கெல்லாம் பழைய ரிவ்யூக்களிலேயே கிடக்கின்றன. நான் சொல்ல வந்தது அதன் மெனுவில் கடைசியாக இருந்த 'ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்' என்ற பக்கத்தைப் பற்றி.

2018இல் வாங்கியது. 2021 ஜனவரியில் இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலில் ஏழு பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதாகச் செய்தி வந்தது. பல வீட்டு ரூட்டர்களில் இருக்கும் நிரல் என்பதால், நம்முடையதிலும் இருக்குமோ என்று பார்க்கத்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இருந்தது. கம்பெனி கடைசியாக அப்டேட் கொடுத்தது 2019இல். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

கடுப்பில் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல், பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பு, இன்னும் பத்து இருபது பெயர்கள், அப்புறம் இவற்றுக்கான ஓப்பன் சோர்ஸ் உரிமமான ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பின் முழு உரை, 1991 ஜூன் தேதியோடு. அதற்கும் அடியில் ஒரு வாக்கியம்: மூல நிரல் (புரோகிராமர்கள் எழுதிய, கம்பைல் செய்யாத நிரல்) வேண்டுவோர் எழுதிக் கேட்கலாம், மூன்று ஆண்டுகள் வரை தருவோம். எனக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது.

இது கம்பெனியின் பெருந்தன்மை இல்லை. ஜிபிஎல்லின் மூன்றாவது பிரிவு அப்படித்தான் கட்டிப்போடுகிறது. கம்பைல் செய்த, அதாவது இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிய நிரலை விற்றால், மூல நிரலையும் கூடவே கொடு. இல்லையென்றால் யார் கேட்டாலும் தருவேன் என்று குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு எழுத்தில் வாக்குக் கொடு. நகலெடுக்கும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. கம்பைல் செய்வதற்கும் நிறுவுவதற்கும் வேண்டிய ஸ்கிரிப்டுகளும் மூல நிரலில் அடக்கம் என்று அதிலேயே தெளிவாக இருக்கிறது.

எழுதிக் கேட்டேன். இருபத்து மூன்று நாள் கழித்து ஒரு ஜிப் கோப்பு வந்தது. என் ரூட்டரில் ஓடும் கர்னல் ஒன்று, ஜிப்பில் இருந்தது அதற்கு முந்தையது. பில்ட் ஸ்கிரிப்ட் இல்லை. கம்பைல் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடி, கடைசியில் எரிச்சலோடு மூடிவைத்தேன். மறுபடி எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

காப்பாற்றியது ஓப்பன்டபிள்யூஆர்டி: ரூட்டரில் கம்பெனி கொடுத்ததற்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளும், லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட திறந்த நிரல். இதன் பிறப்பே இந்த மாதிரி ஒரு சண்டையில்தான். லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003இல் சிலர் கண்டுபிடித்து, ஜிபிஎல்லைக் காட்டிக் கேட்க, மூல நிரல் வெளியே வந்தது. அதை வைத்து 2004இல் தொடங்கிய திட்டம், அந்த மாடலின் எழுத்துகளையே பெயரிலும் வைத்துக்கொண்டது.

ஏற்றும்போது கரண்ட் போய்விட்டால் ரூட்டர் எழவே எழாமல் வெறும் செங்கல் ஆகிவிடுமே என்ற பயத்தைத் தவிர சிரமம் ஏதும் இல்லை. டிஎன்எஸ்மாஸ்க் ஓட்டைகளுக்கான திருத்தம் அதில் ஏற்கெனவே வந்திருந்தது. சரி, உண்மையில் என்னைக் குழந்தையைப் போலக் குதிக்க வைத்தது அதுவல்ல. முன்பக்கத்து நீல விளக்கு! மூன்று வருடம் படுக்கையறைச் சுவரில் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பழைய ஃபர்ம்வேரில் (கம்பெனி ஏற்றிக் கொடுத்த நிரலில்) அதை அணைக்க வழியில்லை. கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். இதில் எல்இடி அமைப்பு என்று தனிப் பக்கமே இருக்கிறது. அணைத்தேன். டேப்பை உரித்து எறிந்தேன்.

நியாயமாகச் சொன்னால் இழப்பும் உண்டு. பழைய ஃபர்ம்வேரில் பாக்கெட்டுகளை (இணையத் தரவுத் துண்டுகளை) வேகமாகத் தள்ளிவிட, மூல நிரல் வெளியே வராத ஒரு மூடிய மாட்யூல் இருந்தது. அது இதில் இல்லை. மிக வேகமான இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிவது இன்னொன்று. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் நிரல், முழுக்கத் திறந்தது. மாதக்கணக்கில் அசையாமல் ஓடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்குள் மட்டும் ஒரு மூடிய பைனரி கோப்பை ஏற்றியாக வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை இணைப்பு அறுந்துவிடும். லாக்கைப் பார்த்தால் அந்தக் கோப்பு கிராஷ் ஆனதாக ஒரு வரி. மொத்தப் பெட்டியிலும் யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரே மூலை, வழுக்கி விழுவதும் அங்கேதான். இது தற்செயலாகவே இருக்கலாம். திறந்த நிரல் கிராஷ் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ரேடியோ அலை விதிகளுக்காகத்தான் மூடி வைக்கிறோம் என்பார்கள், அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பாதிப் படத்தில் திரை நின்று சுற்றும்போது எனக்கு நியாயமெல்லாம் ஞாபகம் வருவதில்லை.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். கம்பெனி கைவிட்டபின்பும் மூன்று வருடத்துக்கு மேல் பாதுகாப்பு அப்டேட்டோடு ஓடும் பெட்டி வேறெதுவும் என் வீட்டில் இல்லை. ஆனாலும் நண்பனுக்கு நான் சொன்னது "வாங்காதே".

அவன் விடவில்லை. "நீ மட்டும் வச்சிருக்க?" என்றான். சரி, விற்பவரிடம் பெட்டியின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல் என்றேன். மாடல் எண்ணைவிட அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஹார்டுவேர் பதிப்புதான் முக்கியம். அந்த டபிள்யூஆர்டி54ஜிக்கே இது நடந்தது. ஐந்தாம் பதிப்பில் நிரலைச் சேமித்து வைக்கும் ஃப்ளாஷை 2 எம்பியாகவும் ரேமை 8 எம்பியாகவும் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளத்தைப் போட்டார்கள். பெட்டியும் பெயரும் அப்படியே. லினக்ஸ் வேண்டுமென்றவர்களுக்குப் பின்னால் 'எல்' சேர்த்துத் தனி மாடல் விற்றார்கள்.

படம் வந்தது. என்னுடையதற்கு அடுத்த பதிப்பு, ஃப்ளாஷ் பாதி.