உறங்கிக் கிடக்கும் மூன்று கார்கள்: எம்ஜிபி, டட்சன் 240இசட், போர்ஷே 944

"பத்து ஆண்டுகளாக ஓட்டவில்லை. ஆனால் என்ஜின் அருமையாக இருக்கிறது, பேட்டரியை மாற்றினால் போதும்." கைவிடப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போகிறவர் காதில் முதலில் விழும் பேச்சு இதுதான். எம்ஜிபி, டட்சன் 240இசட், போர்ஷே 944 ஆகிய மூன்றின் பக்கத்தில் நின்றும் இதே சொற்களைக் கேட்கலாம். ஆனால் காருக்குக் கார் அவற்றின் பொருள் மாறுகிறது. எம்ஜிபியில் அது பெரும்பாலும் உண்மை, ஆனால் பெரிய பயனில்லை. 240இசட்டில் உண்மையாக இருந்தாலும் பேச்சைத் திசைதிருப்புகிறது. 944இல் அதை நம்பிச் சாவியைத் திருப்பினால் என்ஜினே போய்விடலாம்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார், 1798 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜின். 240இசட் 1969இல் அறிமுகமாகி 1973 வரை வந்தது, 2393 சி.சி. ஆறு சிலிண்டர். 944 அடுத்த தலைமுறை, 1982 முதல் 1991 வரை. முதலில் வந்தது 2479 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜினோடு. மூன்றிலும் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டு உடலே எலும்புக்கூடு. ஆகவே துரு என்பது அழகுக் குறை என்ற பேச்சை இங்கே விட்டுவிட வேண்டும். தகடு அரித்தால் காரின் முதுகெலும்பு அரிக்கிறது.

எம்ஜிபியில் அந்த முதுகெலும்பு கதவுக்குக் கீழே ஓடுகிறது. 'சில்' எனப்படும் நீளமான பெட்டி அது. வெளித் தகடு, உள் தகடு, நடுவே மறைந்திருக்கும் இன்னொரு தகடு என்று பல அடுக்குகள். கூரையில்லாத ரோட்ஸ்டரில் காரை வளையாமல் பிடித்து நிறுத்துவதில் இதன் பங்குதான் பெரிது. நான் முதலில் செய்வது கதவு இடைவெளியைப் பார்ப்பது. மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் நடுப்பகுதி தொங்கிவிட்டது என்று பொருள். பிறகு சில் பக்கம் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்ப்பேன். கதவு இறுகினால் அந்தப் பெட்டிக்குள் பலம் இல்லை. அழுகிய சில்லை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி வெல்டிங் செய்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்து விற்பது பழைய தந்திரம். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் முன் மட்கார்டுக்குப் பின்னாலும் பின்பக்கத் தகட்டுக்கு அடியிலும் வேலை நீளும். அந்த உழைப்பைத் தவிர்க்கத்தான் இந்த மூடுதகடு. காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். 1974 வரை அங்கே இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் இருந்தன. அவற்றின் அமிலம் தின்ற தகடுகள் ஏராளம்.

240இசட்டை இதைவிடப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் அழகு கண்ணை மறைத்துவிடும். நீண்ட பானெட்டும் சரிந்து இறங்கும் பின்புறமும் இன்றும் மனத்தைக் கவர்கின்றன. அந்த மயக்கம் தெளியும்வரை விலை பேசாதீர்கள். பானெட்டைத் திறந்து பேட்டரித் தட்டுக்குக் கீழே கையை விடுங்கள். தட்டில் ஓட்டை என்றால் அதற்கு அடியில் உடலோடு சேர்ந்தே ஓடும் சட்டத் தண்டும் அரித்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கிருந்து முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப் பள்ளம், கால் வைக்கும் தரை, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலை, உபரிச் சக்கரக் குழி என்று வரிசையாக இறங்குங்கள். தரைக்கு அடியில் உள்ள தண்டுகள் தப்பான இடத்தில் ஜாக்கி வைத்ததால் நசுங்கியிருப்பதும் வழக்கம். நசுங்கிய இடத்தில் நீர் தங்கும், பிறகு துரு. என்ஜினில் பொறித்த எண்ணை என்ஜின் அறைத் தகட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னால் வந்த 280இசட்டின் பெரிய என்ஜினைப் பொருத்திய கார்கள் நிறைய உண்டு. ஓட்ட அது மோசமில்லை, ஆனால் அசலின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

944இன் உடல் இந்த இரண்டையும் வெட்கப்படுத்தும். எஃகின் இருபுறமும் துத்தநாகம் பூசியே கட்டினார்கள். விபத்துக்குப் பிறகு பழுது பார்த்த இடங்களில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உடல் பளபளப்பாக நிற்பதால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை ஓட்டுவது ரப்பர் டைமிங் பெல்ட். அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுகளுக்கு இன்னொரு பெல்ட். கார் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். விற்பவர் பெருமையாக "இதோ ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன்" என்று சாவியைத் திருப்புவது அந்த என்ஜினுக்கு அவர் செய்யக்கூடிய மிகக் கெட்ட காரியம். தடுத்து நிறுத்துங்கள். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்ற ரசீதைக் கேளுங்கள். கூலன்ட் தொட்டியில் பழுப்பு நிறக் குழம்பு மிதந்தால் ஆயில் கூலரின் சீல்கள் போயிருக்கலாம். கிளட்ச் வழுக்கினால் இன்னும் கவனம்: கியர்பாக்ஸ் பின்புறம் இருப்பதால், நடுவில் உள்ள நீண்ட குழாய்த் தண்டை நகர்த்தாமல் கிளட்சைத் தொட முடியாது. பாகத்தின் விலையைக் கூலி தாண்டிவிடும்.

இதோடு ஒப்பிட்டால் மற்ற இரண்டின் என்ஜின்களும் பொறுமைசாலிகள். இரண்டிலும் ரப்பர் பெல்டுக்குப் பதில் உலோக டைமிங் செயின். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுத் திருப்பலாம். சுற்றினால் பேச்சைத் தொடரலாம். இறுகியிருந்தாலும் எம்ஜிபி விஷயத்தில் நான் எழுந்து போக மாட்டேன். மாற்று என்ஜின் கிடைப்பது கடினமில்லை.

பெட்ரோல், பிரேக், டயர் மூன்றும் எந்தக் காரிலும் கெட்டிருக்கும் என்றே கணக்கிடுங்கள். டயரின் பக்கத்தில் 2310 என்று இருந்தால் 2010ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன்கள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்த டயரில் ஓட்டக் கூடாது. எம்ஜிபி, 240இசட் கார்புரேட்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஒரு வார இறுதி வேலை. 944இன் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் பம்பும் அப்படி அல்ல.

உதிரிபாகத்தில் எம்ஜிபியை மற்றவை நெருங்க முடியாது. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய எம்ஜிபி உடற்கூடுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அழுகிய எம்ஜிபிக்குக்கூட மறுபிறவி உண்டு என்று நான் துணிந்து சொல்வது இதனால்தான். செலவு காரின் மதிப்பைத் தாண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வெல்டிங் தெரிந்தவர், அல்லது கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர், எம்ஜிபியை எடுக்கலாம். அதன் குறைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. 240இசட்டை, என்ஜின் செத்திருந்தாலும் சரி, உடல் காய்ந்த இடத்தில் நின்றிருந்தால் மட்டும் வாங்குவேன். என்ஜின் பாடிக்கொண்டிருந்து தரை நொறுங்கினால் வாங்க மாட்டேன். 944க்கு என் முறை நேர் எதிர்: உடலைப் பார்க்க ஐந்து நிமிடம், ரசீதுக் கட்டைப் படிக்க ஒரு மணி நேரம். ரசீதே இல்லையென்றால், பெல்ட், கிளட்ச், சீல் எல்லாவற்றின் செலவையும் கேட்கும் விலையிலிருந்து கழித்துச் சொல்லுங்கள். விற்பவர் ஒப்புக்கொண்டால் இழுவை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், சாவியைத் தொடாமல்.