டெமோ டிஸ்க்கா, பழகிய பாட்டா?

முதல் ஜோடி ஸ்பீக்கர் வாங்கியபோது கடையில் போட்டுக் காட்டிய டெமோ டிஸ்க்கை நம்பினேன். ஒரு பெண் குரல், கூடவே ஒரு கிட்டார், அவ்வளவுதான். பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. சொக்கிப்போய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து என் பாட்டுகளைப் போட்டால், 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்தியது. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன மாதம்தான் மாற்றினேன். இந்த முறை கையோடு என் பாட்டுகளைக் கொண்டுபோனேன்.

டெமோ டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. பதிவு சுத்தமாக இருக்கும். ஆனால் குரலும் ஒரு வாத்தியமும் மட்டும் என்றால் சுமாரான ஸ்பீக்கரும் சமாளித்துவிடும். கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் ஒலி சுமார் 82 ஹெர்ட்ஸ் (இந்த எண் குறையக் குறைய ஒலி கனக்கும்). பேஸ் கிட்டாரில் அது 41. சின்ன ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் திணறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அந்தப் பக்கமே போகாத பாட்டை வைத்து பேஸை, அதாவது கனத்த கீழ் ஒலியை, எப்படி எடைபோடுவது?

பழகிய பாட்டின் பலம் வேறு. புதுப் பாட்டில் ஏதாவது இரைச்சலாகப் பட்டால், அது பதிவிலேயே இருக்கிறதா, ஸ்பீக்கர் சேர்க்கிறதா என்று தெரியாது. நூறு தடவை கேட்ட பாட்டில் அந்தச் சந்தேகம் வராது. இரண்டாவது சரணத்தில் பின்னால் மெல்ல ஒரு வயலின் நுழையும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது காணாமல் போனதும் தெரியும். டெமோ டிஸ்க்கில் பத்து விஷயம் காணாமல் போயிருந்தாலும் நான் கைதட்டியிருப்பேன். ஒன்று: ஹெட்போனில் மட்டுமே கேட்டுப் பழகிய பாட்டு என்றால் கவனம், ஹெட்போனில் இசை தலைக்குள்ளேயே ஒலிக்கும். குரலின் தன்மையை ஒப்பிடலாம். எந்த வாத்தியம் எங்கே நிற்கிறது என்பதை ஒப்பிட முடியாது.

நல்ல பதிவுகளாகப் பொறுக்கிக்கொண்டு போகாதீர்கள். என்னிடம் இருப்பதில் பாதி பழைய மோனோ பாட்டுகள் (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருபவை), சில கரகரவென்று இருக்கும். நான் தினமும் கேட்பது அவற்றைத்தான். ஒரு ஜோடி அவற்றைக் கேட்கவே முடியாதபடி செய்தால் அது எவ்வளவு துல்லியமாக இருந்து எனக்கு என்ன? மோனோவில் இன்னொரு வசதி: குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவிலிருந்து வர வேண்டும். ஒரு ஜோடியில் அது எங்கிருந்து வருகிறது என்றே புரியாமல் பரவி நின்றது, பேஸும் மெலிந்திருந்தது. பார்த்தால் ஒரு பக்க வயரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது.

பாட்டைக் கோப்பாகவே எடுத்துப் போங்கள். கடையில் ஸ்ட்ரீமிங்கில் தேடிப் போட்டால் ரீமாஸ்டர் செய்த, அதாவது பழைய பதிவின் ஒலியை மறுபடி சீர்செய்த பதிப்பு வரலாம். அது வேறு மாதிரி ஒலிக்கும், பழக்கம் வீணாகிவிடும்.

அப்புறம் டெஸ்ட் டோன் (ஒரே சுருதியில் நீளும் சோதனை ஒலி), பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த 'ஷ்ஷ்' இரைச்சல்) வகையறா. இவற்றை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. டோன் போட்டால் தெரிவதில் பாதி அறையின் எதிரொலி, அதுவும் கடைக்காரருடைய அறை. ஆனால் இரண்டு ஜோடிகளின் சத்தத்தைச் சமப்படுத்த பிங்க் நாய்ஸ் நன்றாக உதவியது. போனில் இருக்கும் டெசிபெல் மீட்டரே இதற்குப் போதும். இதைச் செய்யாமல் விட்டால், கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும். காது அப்படித்தான் ஏமாறும்.

பில் போட்ட பிறகு ஆசைக்கு அந்தக் கடையின் டெமோ டிஸ்க்கையும் போடச் சொன்னேன். நான் வாங்கியதைவிடப் பக்கத்தில் இருந்த ஜோடியில்தான் அது பிரமாதமாக இருந்தது.