பூட்டைவிட நாதாங்கி முக்கியம்: கிருஷ்ணகிரியில் பூட்டிய வீட்டைக் காத்த அனுபவம்

கொரோனா ஓய்ந்த சமயத்தில் கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு புது மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தோம். பின்பக்கம் மாந்தோப்பு, முன்பக்கம் இன்னும் வீடு எழும்பாத காலி மனைகள். மகள் பெங்களூருவில் இருப்பதால் அடிக்கடி அங்கே போய்விடுவோம். பூட்டிக் கிடக்கும் இரவுகள் எங்கள் வீட்டுக்கு அதிகம். அதோடு இது பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று எல்லாத் திசைக்கும் சாலை பிரியும் ஊர். திருடிவிட்டு வண்டி ஏறினால் விடிவதற்குள் வேறு மாநிலம் போய்விடலாம். அதனால் பொருள் போன பிறகு தேடுவதைவிட, உள்ளே வரவிடாமல் செய்வதற்கே நான் செலவழித்தேன். இத்தனை வருடம் பயன்படுத்தியதில் எது நின்றது, எது தேய்ந்தது என்று சொல்கிறேன்.

முன்கதவில் ஏழு லீவர் பூட்டு. கேட்டில் மாமனார் வாங்கிவந்த திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே திண்டுக்கல் பூட்டுதான். கனமானது, வெயில் மழை எல்லாம் பார்த்தும் சாவி இன்னும் வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கள் பக்கம் கிரானைட் பட்டறைத் தூசி அதிகம் என்பதால் பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடுவதில்லை. எண்ணெயில் தூசி ஒட்டி உள்ளே இறுகிவிடும். கிராஃபைட் பொடிதான் போடுகிறோம். கேட் பூட்டு எப்போதும் உள்பக்கம்தான் தொங்கும், நாங்கள் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லிவிடும்.

ஆனால் பூட்டைத் திறந்து வருகிற திருடன் குறைவு. கடப்பாரையைச் செருகி, பூட்டு மாட்டும் நாதாங்கியை நெம்புவதுதான் வழக்கம். கடையில் கிடைக்கும் நாதாங்கி பெரும்பாலும் மெல்லிய தகடு, அரை விரல் நீளத் திருகாணி நாலு. ஒரே நெம்பில் திருகாணியோடு மரமும் பெயர்ந்து வரும். இரண்டாயிரம் ரூபாய்ப் பூட்டை மாட்டினாலும் அந்தத் திருகாணியின் பலம்தான் கதவின் பலம். அதனால் வெல்டிங் பட்டறை அண்ணனிடம் 5 மில்லிமீட்டர் தகட்டில் நாதாங்கி அடித்து வாங்கினோம். கதவைத் துளைத்து போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் முடுக்கியாயிற்று. வெளியே தெரிவது மழுங்கிய தலை மட்டும், ஸ்பேனர் பிடிக்காது. நிலைப் பக்கமும் இதே மாதிரி செய்ய வேண்டும். பலர் கதவை மட்டும் பலப்படுத்திவிட்டு நிலையை விட்டுவிடுகிறார்கள்.

பின்கதவுக்கு உள்ளே ஒரு குறுக்கு இரும்புப் பட்டை. இரண்டு பக்கச் சுவரிலும் ஆங்கர் போல்ட் அடித்த கொக்கிகள், பட்டையைத் தூக்கி அவற்றில் வைத்தால் போதும். வாங்கியதிலேயே விலை குறைந்தது இதுதான். வீட்டைக் காப்பாற்றியதும் இதுதான்.

போன மார்கழியில் நாங்கள் ஊரில் இல்லாத ஒரு விடியலில் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். “தம்பி, உங்க பின்கதவுகிட்ட மரச்செதிலா கிடக்குது, உடனே கிளம்பி வாங்க.” வந்து பார்த்தால், தாழ்ப்பாளுக்கு நேராகக் கட்டைவிரல் நுழையும் ஆழத்தில் இரண்டு பள்ளம். மரம் பிளந்து உள்வெள்ளை தெரிந்தது. தாழ்ப்பாள் பிய்ந்து ஒரு திருகாணியில் தொங்கியது. பட்டை நடுவில் லேசாக வளைந்திருந்தது, கொக்கியை விட்டு வரவில்லை. கதவு இரண்டு விரல் அளவு திறந்ததோடு சரி. போலீஸ் வரும்வரை அக்கா யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. கைரேகை எடுப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

கேமராவில் என்ன பதிந்திருந்தது? வெள்ளைப் புகை. எங்கள் ஊர் மார்கழிப் பனியில் கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெளுத்துவிடும். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை இருந்தால் வருடம் முழுவதும் இதே கதைதான். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். இப்போது அந்தக் கேமராவின் இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு எல்.இ.டி. விளக்கு போட்டிருக்கிறோம். இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, வெளியே பூட்டு தொங்குவதற்குச் சமம். படம் இப்போது நிறத்தோடு தெளிவாக இருக்கிறது. அப்புறம், கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் டி.வி.ஆர். பெட்டி டிவிக்குக் கீழே வேண்டாம். திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். எங்களுடையது பரண் மேல், இன்வெர்ட்டர் இணைப்பில், வைஃபை ரூட்டரோடு சேர்த்து.

சைரன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடமாட்டத்தைக் கண்டு அலறும் வகை, சென்சார் மேல் பல்லி ஊர்ந்தாலே அலறியது. கழற்றிவிட்டு, கதவு திறந்தால் மட்டும் ஒலிக்கும் காந்த சென்சார் மாட்டினோம். தொந்தரவு இல்லை. நம் போனுக்குத் தகவல் சொல்ல உள்ளே இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் மட்டும் தவறக்கூடாது.

எந்தக் கருவியும் செய்யாத ஒரு வேலையை அக்கா செய்கிறார். நாங்கள் இல்லாத நாளில் எங்கள் வாசலும் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார், கேட்டில் செருகிய விளம்பரத் தாளையெல்லாம் எடுத்துவிடுவார். மார்கழியில் கோலமில்லாத வாசலைவிட நோட்டம் பார்ப்பவனுக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? அவர் ஊருக்குப் போகும்போது அவர் வாசல் எங்கள் பொறுப்பு. கிளம்பும் முன் காவல் நிலையத்திலும் முகவரியும் நாட்களும் சொல்லிவிட்டுப் போகிறோம். இரவு ரோந்தில் பார்த்துக்கொள்கிறார்கள்.

நகை வங்கி லாக்கரில். அதிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, கொள்ளை, தீ, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் இருப்பது போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் உச்சம் 2 லட்சம். உள்ளே இருக்கும் தங்கம் அதைவிட எவ்வளவோ கூட இருக்கும். அதனால் நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுத்து, ரசீதும் போட்டோவும் வேறு இடத்தில் வைத்திருக்கிறோம். வீட்டுக் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பொதுவாக உடைத்து நுழைந்த தடம் இருந்தால்தான் கொள்ளைக்கான பணம் கிடைக்கும். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த சாவியால் திறந்து எடுத்துப் போனால் சிக்கல்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மொட்டை மாடிக்கும் செலவு செய்தோம். குழாயைப் பிடித்து சன்ஷேடில் கால் வைத்தால் மாடிக்கு ஏறிவிடலாம். அங்கே இருந்த தகரக் கதவை எடுத்துவிட்டு, மாடிப்படி முகப்பில் கிரில் கேட் போட்டோம். பூட்டு உள்பக்கம். கம்பிக்குள் கை விட்டு எட்ட முடியாதபடி, பூட்டைச் சுற்றி ஒன்றரை அடிக்குத் தகடு அடித்துக் கொடுத்தார் பட்டறை அண்ணன்.