ஐயம்பேட்டையில் கிடைத்த பழைய ஸ்பிளெண்டர்

2024 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து ஆறு வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கிராமம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கம். அப்பாவின் மொபெட் ஓய்ந்துவிட்டது. வயலுக்கும் கடைத்தெருவுக்கும் ஒரு வண்டி தேவைப்பட்டது. புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். "வரப்பில் நிற்கிற வண்டிக்கு எதற்கு அவ்வளவு பணம்?" என்று அப்பா மறுத்துவிட்டார். 20,000 ரூபாய்க்குள் பழைய வண்டி ஒன்று என்று முடிவாயிற்று.

முதலில் கும்பகோணத்தில் பழைய வண்டி விற்கும் ஒரு கடைக்குத் தனியாகப் போனேன். கறுப்பு ஸ்பிளெண்டர் பைக் ஒன்று பளபளவென்று நின்றது. 18,000 சொன்னார்கள். முன்பணம் கொடுக்கக் கை பரபரத்தது. நல்ல வேளையாக, பார்த்துவிட்டுக் கொடு என்று அப்பா சொல்லியிருந்தார். மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன்.

அவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து எஞ்சின் மேல் புறங்கையை வைத்தார். சூடாக இருந்தது. "நாம் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், தம்பி" என்றார். தேய்ந்த எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் தன் நோயைக் காட்டும். சூடான பிறகு பல குறைகள் மறைந்துவிடும். அடுத்து பெட்ரோல் டேங்கைப் பார்த்தார். அதில் ஹீரோ என்று மட்டும் இருந்தது. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், பதிவான ஆண்டு 2009. ஹீரோ ஹோண்டா பிரிந்து ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாறியதே 2011-இல்தான். அப்படியானால் டேங்க் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது பெயின்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேட்டோம். கடைக்காரரிடம் பதில் இல்லை. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பினார் அண்ணன். நடுவில் ஓர் இடத்தில் கடக்கென்று சிக்கியது. ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங், அதாவது கோன் செட், போய்விட்டது என்றார். பின்னால் நின்று பார்த்தபோது இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லை. எங்கேயோ பலமாக விழுந்த வண்டி. விட்டுவிட்டு வந்தோம்.

நான்கு நாள் கழித்து ஐயம்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் இன்னொரு ஸ்பிளெண்டர் கிடைத்தது. 2010 செப்டம்பரில் பதிவானது. பெயின்ட் மங்கி, சீட் கிழிந்து, பார்க்க எளிய வண்டிதான். ஆனால் எஞ்சின் சில்லென்று இருந்தது. இரண்டாவது உதையில் உயிர் வந்தது. அண்ணன் சைலன்சருக்குப் பின்னால் உட்கார்ந்து புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஆயில் எரிந்தால் நீலம் கலந்த வெள்ளைப் புகை நிற்காமல் வரும். பிஸ்டன் ரிங், சிலிண்டர் என்று செலவு இழுக்கும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது; அது பெரும்பாலும் கார்பரேட்டரோடு முடிந்துவிடும். இந்த வண்டியில் இரண்டுமே இல்லை. டேங்க் மூடியைத் திறந்து கைப்பேசி வெளிச்சத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்தோம். டயரின் பக்கவாட்டில் 2317 என்றிருந்தது: 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படும் பட்டன் தேயவே இல்லை, ஆனாலும் ரப்பர் வெடித்திருந்தது. இரண்டு டயரும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு, 17,000 கேட்டவரிடம் 14,500-க்குப் பேசி முடித்தோம்.

என்னை அலைக்கழித்தது வண்டியல்ல, காகிதம். ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்படாமல் அப்படியே இருந்தது. ஆசிரியர் கடைசித் தவணை கட்டிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்கு மூன்று முறை அலைந்து, ஒன்பது நாள் கழித்துத்தான் அந்தச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வந்தன. ஒரு தாளுக்கு 73 வயதுக்காரரை வெயிலில் மூன்று முறை வரவழைத்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அதுவரை நான் பணம் கொடுக்கவில்லை. ஊரில் பலர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆண்டுக்கணக்காக ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நாம் விபத்து ஏற்படுத்தினால் இழப்பீட்டுப் பொறுப்பு அந்த ஆசிரியர் தலையில் விழும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பதிவுக் காலம், காப்பீடு, கட்டாத அபராதம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் மட்டும் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிட வேண்டும். பதினைந்து ஆண்டுப் பதிவு 2025 செப்டம்பரில் முடியும், அப்போது வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்று அப்பாவின் நாட்காட்டியில் எழுதி வைத்தேன். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 714 ரூபாய் ஆயிற்று.

இரண்டு வண்டிகளைப் பார்க்க இரண்டு அரை நாள்கள் தன் பட்டறையை மூடிவிட்டு வந்த அண்ணன், கூலியாக 300 ரூபாய் போதும் என்றார். ஐயம்பேட்டை ஆசிரியர் தரகாக நீட்டிய 500-ஐயும் கை நீட்டி வாங்கவில்லை. வற்புறுத்தி 1,500 கொடுத்தேன். டயரும் ஸ்ப்ராக்கெட்டும் அவர் பட்டறையிலேயே மாற்றினேன். எங்கள் பக்கம் வண்டி வாங்க வருகிறவர்கள் எந்த ஊராக இருந்தாலும் இப்படி ஒருவரை முதலில் தேடிப் பிடியுங்கள். அவர் கேட்கிற கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.