ஹாக்மேன்: 1961-இல் தொடங்கலாமா, 2018-இலா?

டிசி காமிக்ஸின் இறக்கை வைத்த சூப்பர்ஹீரோ ஹாக்மேன். அவர் கதையைப் படிக்க எந்தத் தொடரில் தொடங்குவது என்பதுதான் கேள்வி. இறக்கை ஒன்றுதான், ஆள்தான் இரண்டு. 1940-இல் வந்தவர் கார்ட்டர் ஹால், எகிப்திய இளவரசனின் மறுபிறவி. 1961-இல் வந்தவர் காட்டார் ஹோல், தனகர் கிரகத்துப் போலீஸ்காரர். குழப்பத்தின் வேர் இதுவே.

பின்கதை
1961: எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.
2018: இரண்டு பேரையும் ஓரளவாவது அறிந்திருந்தால்தான் ருசிக்கும். காலம் தாண்டி, கிரகம் தாண்டி மறுபிறவி என்று சொல்லி இருவரையும் ஒரே ஆன்மாவாக்குகிறார் இத்தொடரின் எழுத்தாளர் ராபர்ட் வெண்டிட்டி.

அளவு
1961: சோதனை இதழ்களுக்குப் பின் 1964-இல் தனி இதழ், 27 இதழ்கள். கதைகள் பெரும்பாலும் தனித்தனி. நடுவில் விட்டாலும் நஷ்டமில்லை.
2018: 29 இதழ்கள். வரிசை தவறினால் போச்சு.

ஓவியம்
1961: ஜோ குபெர்ட்டின் கனத்த மை, பிறகு மர்ஃபி ஆண்டர்சனின் சுத்தமான கோடு.
2018: தொடக்கத்தில் பிரையன் ஹிட்ச், பிரம்மாண்டம், ஆனால் நெரிசல்.

பொழுதுபோக்காக ஓரிரு கதை போதுமென்றால் 1961. முழுநீளக் கதை வேண்டுமென்றால் 2018. 1990 தொடரில் மட்டும் தொடங்காதீர்கள். தனகரிலிருந்து அப்போதுதான் பூமிக்கு வந்தவராக அதில் காட்டினார்கள். அப்படியானால் அதற்குமுன் ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ அணியில் பறந்தவர் யார்?