பூட்டு வரிசைப் பிழைகளைப் பிடிக்க: ஹெல்கிரைண்டா, திரெட்சானிடைசரா?

எங்கள் சர்வர் நிரல் ஒரு நாள் அதிகாலையில் அசையாமல் நின்றுவிட்டது. ஜிடிபி என்ற பிழைதிருத்தியை இணைத்து எல்லாத் திரெட்களின் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளின்) அழைப்பு அடுக்கையும், அதாவது ஒவ்வொன்றும் எந்தச் செயற்கூறில் நிற்கிறது என்பதையும், பார்த்தேன். பூட்டு என்பது ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் தொட விடும் காவல். ஒரு திரெட் கணக்குப் பூட்டைப் பிடித்துக்கொண்டு வரிசைப் (க்யூ) பூட்டுக்காகக் காத்திருந்தது. இன்னொன்று வரிசைப் பூட்டோடு கணக்குப் பூட்டுக்காகக் காத்திருந்தது. இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடுவதுதான் டெட்லாக். இதை முன்கூட்டியே சொல்லும் கருவி வேண்டும் என்றுதான் ஹெல்கிரைண்ட், திரெட்சானிடைசர் இரண்டையும் ஒரு மாதம் ஓட்டினேன். இப்போது திரெட்சானிடைசரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடிப்படையில் இரண்டும் ஒன்றே. எந்தப் பூட்டைப் பிடித்திருக்கும்போது எந்தப் பூட்டைக் கேட்கிறோம் என்பதைக் குறித்துக்கொண்டே வருகின்றன. அந்த வரிசை எங்காவது வட்டமாகச் சுற்றி வந்தால் எச்சரிக்கின்றன. டெட்லாக் உண்மையில் நிகழ வேண்டியதில்லை. லினக்ஸ் கெர்னலில் உள்ள லாக்டெப் என்ற சோதிப்பான் 2006 முதல் செய்வதும் இதைத்தான். பிடிக்காத மியூடெக்ஸை (பூட்டை) விடுவிப்பது, பூட்டியிருக்கும்போதே அதை அழிப்பது போன்ற பிழைகளையும் இரண்டுமே பிடிக்கின்றன.

ஹெல்கிரைண்டுக்கு மறுதொகுப்பு வேண்டாம். அது அடங்கியிருக்கும் வால்கிரைண்ட் என்ற கருவித்தொகுப்பை நிறுவினால் போதும். திரெட்சானிடைசருக்கோ கிளாங் அல்லது ஜிசிசி தொகுப்பியில் தனிக்கொடியுடன் நிரல் முழுவதையும் மீண்டும் தொகுக்க வேண்டும். வால்கிரைண்ட் ஒரு நேரத்தில் ஒரே திரெட்டைத்தான் ஓட்டும் என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். பூட்டு வரிசையைப் பொறுத்தவரை அது குறையே இல்லை. இரண்டு வரிசைகளும் எப்போதாவது ஒருமுறை நடந்தால் போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேகம். நிரல் கடந்து வந்த பாதையை மட்டுமே இந்தக் கருவிகள் பார்க்கும். பிழை கையாளும் கிளைக்குள் எதிர் வரிசையில் ஒரு பூட்டு இருந்தால், அந்தக் கிளை ஓடும்வரை இரண்டும் மௌனமாகவே இருக்கும். ஆகவே சோதனைகள் நிறைய வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட வேண்டும். எங்களிடம் 4 நிமிடத்தில் முடியும் சோதனைத் தொகுப்பு ஹெல்கிரைண்டில் 2 மணி நேரத்தைத் தாண்டியது. திரெட்சானிடைசரில் 40 நிமிடத்துக்குள் முடிந்தது. 2 மணி நேரம் காத்திருக்க யாரும் தயாராக இல்லை. இரண்டே வாரத்தில் அந்தச் சோதனையைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். 40 நிமிடச் சோதனை இன்றும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடுகிறது. அதிகாலையில் எங்களை நிறுத்திய அதே வகைப் பிழை இன்னும் இரண்டு அதில் சிக்கின.

திரெட்சானிடைசரை வைத்துப் பராமரிப்பதில் சில தொல்லைகள் உண்டு. முதல் பூட்டு எங்கே பிடிக்கப்பட்டது என்பதை அறிக்கை தானாகக் காட்டாது. அதற்கான விருப்பத்தை இயக்க வேண்டும். அதை முதல் நாளே செய்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி அறிக்கையோடு அரை நாள் போய்விடும். பியூடெக்ஸை (திரெட்டைக் காத்திருக்கவும் எழுப்பவும் லினக்ஸ் கெர்னல் தரும் வசதியை) நேரடியாக அழைத்து நாமே எழுதிய பூட்டுகளை இரண்டு கருவிகளும் குறிப்பு எழுதிக் கொடுக்காமல் அறியா. எக்ஸ்86 செயலிகள் கொண்ட கணினிகளில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். ஆர்ம் செயலிகள் பற்றி என் சொல்லை நம்ப வேண்டாம்.

ஒரு சோதனை மட்டும் திரெட்சானிடைசருக்கு ஒத்துவரவில்லை. அது நூற்றுக்கணக்கான பூட்டுகளை ஒரே திரெட்டில் ஒன்றாகப் பிடிக்கிறது. குறிப்பிட்ட ஒரு வரம்பைத் தாண்டியதும் கருவியே நிரலை நிறுத்திவிடுகிறது. அந்தச் சோதனையை மட்டும் ஞாயிறு இரவுகளில் ஹெல்கிரைண்டில் ஓட்டுகிறோம்.